பூனைக்குப் பொடுகு வந்த கதை

கறுப்புப் பூனை வளர்ப்பவர்களுக்கு இந்த விஷயம் சீக்கிரமே தெரிந்துவிடும். மடியில் படுத்திருக்கும் பூனையின் முதுகைத் தடவும்போது, வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, ரவையைத் தூவியது போல வெள்ளை வெள்ளையாய் எதுவோ தெரியும். ஊதினால் பறக்கும். அடுத்த நாள் மறுபடியும் இருக்கும். "பூனைக்குக் கூடவா பொடுகு வரும்?" என்று சிரித்துவிட்டு, குளியலறையில் இருக்கும் தங்கள் ஷாம்பூவையே எடுத்துத் தேய்த்துவிடுபவர்கள் உண்டு.

அந்த ஷாம்பூ பூனைக்கு விஷமாகவும் ஆகலாம். ஏன் என்று தெரிந்துகொள்ள, பூனையின் தோலைப் பற்றி மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். வேடிக்கையான வரலாறு அது. பல நூறு ஆண்டுகள் மனிதனோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த ஒரு பிராணியை, குதிரை என்றும் முயல் என்றும் நாய் என்றும் நினைத்துக்கொண்டே வைத்தியம் பார்த்த கதை!

முதலில் பொடுகு என்றால் என்ன?

தோலின் அடியில் புதிய செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அவை மெல்ல மேலே ஏறி, தட்டையாகி, காய்ந்து, கடைசியில் உதிர்கின்றன. பூனையின் தோலில் இந்தப் பயணத்துக்குச் சுமார் மூன்று வாரம் ஆகும். சாதாரணமாக இந்தச் செதில்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக, ஒவ்வொன்றாக உதிரும். ஏதோ ஒரு காரணத்தால் செல்கள் அவசரமாக மேலே வந்தாலோ, உதிர வேண்டியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ, பெரிய பெரிய செதில்களாகத் தெரியும். அதைத்தான் பொடுகு என்கிறோம்.

அதாவது பொடுகு என்பது தனி வியாதி அல்ல. காய்ச்சலைப் போல அது ஓர் அறிகுறி. பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றும் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன என்பதுதான் இனி வருவது.

பூனைக்கு மருத்துவர் இல்லாத காலம்

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761ல் பிரான்சின் லியோன் நகரில் க்ளோத் பூர்ழெலா என்பவரால் நிறுவப்பட்டது. அவர் குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். லண்டனில் 1791ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. இரண்டு இடத்திலும் கவனமெல்லாம் குதிரை மீதும் மாடு மீதும்தான். காரணம் எளிது. குதிரை செத்தால் படைக்கு நஷ்டம், மாடு செத்தால் விவசாயிக்கு நஷ்டம். பூனை செத்தால்? பக்கத்து வீட்டில் இன்னொரு குட்டி கிடைக்கும்.

அந்தக் காலத்து லண்டன் பூனைகளுக்குச் சாப்பாட்டுக் குறை மட்டும் இருக்கவில்லை. வேகவைத்த குதிரை இறைச்சியைத் துண்டு போட்டு, குச்சியில் கோத்து, வீடு வீடாக விற்றுக்கொண்டு போகும் வியாபாரிகள் இருந்தார்கள். 'பூனை இறைச்சிக்காரர்' என்றே அவர்களுக்குப் பெயர். 1851ல் லண்டன் ஏழைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய ஹென்றி மேஹ்யூ இவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். தெருவில் எலியும் உண்டு, வாசலில் இறைச்சியும் உண்டு. பூனையின் உணவில் இறைச்சி எவ்வளவு முக்கியம் என்று யாரும் ஆராயவில்லை, ஆராயத் தேவையும் ஏற்படவில்லை.

1871ல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்ற ஓவியர் பெரிய பூனைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். எலி பிடிக்க வைத்திருந்த பிராணியின் அழகைப் பார்க்க ஜனங்கள் கூடியதும், அதன் ரோமம் எப்படி இருக்கிறது என்று உற்றுப் பார்க்க ஒரு காரணம் கிடைத்தது.

நடக்கும் பொடுகு

பூனை, நாய், முயல் ஆகியவற்றின் பொடுகில் ஒரு வகை உண்டு. உற்றுப் பார்த்தால் செதில்கள் மெல்ல நகரும்! ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு 'நடக்கும் பொடுகு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நகர்வது செதில் அல்ல, செதிலுக்கு அடியில் இருக்கும் செய்லெட்டியெல்லா என்ற எட்டுக்கால் சிற்றுண்ணி. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம். தோலின் மேற்பரப்பிலேயே வாழ்ந்து, தோலைக் குத்தி நீரை உறிஞ்சும்.

இந்தச் சிற்றுண்ணியை 1878ல் முயலிடமிருந்து விவரித்தவர் பியர் மெனியாங் என்ற பிரெஞ்சு ராணுவக் கால்நடை மருத்துவர். (இறந்த உடலில் எந்தப் பூச்சி எப்போது வந்து சேரும் என்று ஆராய்ந்து, 1894ல் புத்தகம் எழுதி, தடய அறிவியலுக்குப் புதுப் பாதை போட்டவரும் இவரே!) அவர் அதற்கு வைத்த பெயருக்கு 'ஒட்டுண்ணிகளை விழுங்குவது' என்று பொருள். முயலின் ரோமத்தில் இருக்கும் மற்ற ஒட்டுண்ணிகளைத்தான் இது தின்கிறது என்று அவர் எண்ணினார். அதாவது குற்றவாளியைக் காவல்காரன் என்று நினைத்துவிட்டார்.

இன்னொரு தவறும் நீண்ட காலம் தொடர்ந்தது. பூனையிடம் கண்டாலும் நாயிடம் கண்டாலும் அதே முயல் சிற்றுண்ணிதான் என்று எழுதி வந்தார்கள். 1965ல் நாயில் வாழ்வது தனி இனம் என்றும், 1970ல் பூனையில் வாழ்வது இன்னொரு தனி இனம் என்றும் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஸ்மைலி பிரித்துக் காட்டினார். மெனியாங்கிலிருந்து கணக்கிட்டால் 92 ஆண்டுகள். அத்தனை காலம் பூனையின் பொடுகுக்குள் ஒளிந்திருந்த உயிருக்கு முயலின் முகவரிதான்!

கண்டுபிடிப்பது கடினம் என்பதற்குப் பூனையும் ஒரு காரணம். நாள் முழுக்க ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்வதால் சிற்றுண்ணிகளையும் விழுங்கிவிடும். சாட்சியை அதுவே அழித்துவிடுகிறது. அதனால் சில சமயம் பூனையின் மலத்தைச் சோதிக்கும்போது சிற்றுண்ணியின் முட்டை அதில் தென்படும். வேறு சில சமயம் பூனைக்கு ஒன்றுமே இருக்காது, அதைத் தூக்கிக் கொஞ்சும் மனிதருக்குத்தான் கையிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாய் அரிப்பு வரும். சிற்றுண்ணி மனிதரையும் கடிக்கும், ஆனால் மனிதத் தோலில் குடும்பம் நடத்தாது. பூனைக்கு வைத்தியம் செய்தால் மனிதரின் அரிப்பும் அடங்கிவிடும்.

எலிகள் சொன்ன ரகசியம்

பொடுகின் அடுத்த காரணம் வெளியிலிருந்து வரவில்லை, தட்டிலிருந்து வந்தது. அதைக் கண்டுபிடிக்க உதவியது, விதியின் விளையாட்டைப் பாருங்கள், எலிகள்.

1920களின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கொழுப்பு என்பது வெறும் எரிபொருள், உடம்புக்கு வேண்டிய கொழுப்பைச் சர்க்கரையிலிருந்தே அது செய்துகொள்ளும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. இவர்கள் எலிகளுக்குப் பால் புரதம், சர்க்கரை, உப்புகள், வைட்டமின்கள் எல்லாம் கொடுத்தார்கள். கொழுப்பை மட்டும் ஒரு துளி விடாமல் நீக்கினார்கள்.

சில மாதங்களில் எலிகளின் வால் செதில் செதிலாக வெடித்தது. பாதம் சிவந்து வீங்கியது. முதுகு ரோமத்தில் பொடுகு நிறைந்தது. வளர்ச்சி நின்றது. சிறுநீரகம் கெட்டு, எலிகள் மாண்டன. 1929ல் இதை வெளியிட்டார்கள். 1930ல், லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பைக் கொஞ்சம் கொடுத்தாலே நோய் குணமாகிறது என்று காட்டினார்கள். உடம்பால் செய்துகொள்ள முடியாத, உணவில் வந்தே தீர வேண்டிய கொழுப்புகள் உண்டு என்ற உண்மை இப்படித்தான் தெரிந்தது.

பலர் நம்பவில்லை. மனிதனுக்கும் இது பொருந்துமா என்று பார்க்க, அதே குழுவைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் ஆறு மாதம் கொழுப்பில்லாத உணவையே சாப்பிட்டார். அவர் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை! (இந்த முடிவு 1938ல் வெளியானது.) வளர்ந்த மனிதனின் உடம்பில் சேமிப்பு அதிகம் என்பது காரணம். குழந்தைகளிடம் அந்தச் சேமிப்பு இல்லை. லினோலெயிக் அமிலம் குறைந்த பாலை மட்டுமே குடித்த குழந்தைகளின் தோல் வறண்டு செதிலுதிர்ந்ததைப் பின்னாளில் ஆரில்ட் ஹான்சன் என்ற குழந்தை மருத்துவர் பதிவு செய்தார்.

தோலுக்கு இந்தக் கொழுப்பு எதற்கு? தோல் செல்களைச் செங்கல் என்று வைத்துக்கொண்டால், இடையில் பூசும் சாந்து கொழுப்பால் ஆனது. லினோலெயிக் அமிலம் இல்லாவிட்டால் சாந்து உதிர்ந்து, உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிவிடும். தோல் வறண்டு செதிலாகும்.

1975

எலிக்கு லினோலெயிக் அமிலம் போதும். அதை வைத்தே மற்றொரு முக்கியமான கொழுப்பான அராகிடோனிக் அமிலத்தை அதன் கல்லீரல் செய்துகொள்ளும். நாயும் அப்படியே, மனிதனும் அப்படியே. பூனையும் அப்படியே என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சோதித்துப் பார்க்கவில்லை.

1975ல் லண்டனில் ரிவர்ஸ், சின்க்ளேர், கிராஃபோர்ட் என்ற மூவர் சோதித்தார்கள். தாவர எண்ணெய் கலந்த உணவை மட்டும் தின்ற பூனைகளிடம் லினோலெயிக் அமிலம் ஏராளமாக இருந்தது. ஆனால் அதிலிருந்து உண்டாக வேண்டிய அடுத்த கொழுப்பு உண்டாகவில்லை. 'நேச்சர்' இதழில் வெளியான அந்தச் சிறிய கட்டுரை, பூனையின் உடம்பில் அந்தத் தொழிற்சாலை வேலை செய்யவில்லை என்று சொன்னது. அடியோடு இல்லை என்பதைவிட மிக மிகக் குறைவு என்பதே சரி என்று பின்னர் வந்த ஆய்வுகள் திருத்தின.

1980களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஆய்வுகள் படத்தைத் தெளிவாக்கின. தோல் வறண்டு பொடுகு வராமல் இருக்கப் பூனைக்கும் லினோலெயிக் அமிலம் போதும். ஆனால் பெண் பூனை குட்டி போட வேண்டுமானால் அராகிடோனிக் அமிலமும் வேண்டும். அது தாவரத்தில் கிடையாது. இறைச்சியில், முட்டையில், மீனில்தான் கிடைக்கும்.

அதே 1975ல் இன்னொரு அதிர்ச்சியும் வந்தது. டாரின் என்ற பொருள் உணவில் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்று அமெரிக்காவில் ஹேய்ஸும் உடன் பணிபுரிந்தவர்களும் காட்டினார்கள். 1987ல் பால் பியன் தலைமையிலான குழு, அதே டாரின் குறைவால் பூனையின் இதயம் பலவீனமாகிச் சாவதைக் கண்டுபிடித்தது. அந்தப் பூனைகளில் பல, கடையில் வாங்கிய பூனை உணவையே தின்று வளர்ந்தவை! அதன்பின் உணவு நிறுவனங்கள் டாரினைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குச்சியில் கோத்த இறைச்சியையும் எலியையும் தின்ற காலத்தில் பூனைக்கு இந்தக் குறைகள் பெரிதாகத் தெரியவில்லை. தானிய மாவை இயந்திரத்தில் அழுத்தி, சூடாக்கி, பொரி போல உப்ப வைத்து மூட்டையில் விற்கும் உலர் உணவு 1950களின் பிற்பகுதியில் முதலில் நாய்களுக்கு வந்தது, அடுத்து பூனைகளுக்கும் வந்தது. பூனையின் தேவை என்ன என்ற கேள்வி அப்போதுதான் அவசரமானது.

மருந்தே விஷமானது

இப்போது அந்த ஷாம்பூவுக்கு வருவோம்.

சென்ற நூற்றாண்டுகளில் சொறி, செதில், தெள்ளுப்பூச்சி எல்லாவற்றுக்கும் கார்பாலிக் அமிலம், தார் எண்ணெய் என்று பூசுவது வழக்கம். குதிரையும் நாயும் ஓரளவு தாங்கின. பூனை தாங்கவில்லை. 1973ல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழு பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தை உருவாக்கியது. நாயின் தெள்ளுப்பூச்சிக்கு அது நல்ல மருந்து. பூனையின் முதுகில் விட்டால் உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து, உயிரே போகலாம். 'நாய்க்கு விட்டதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே' என்று பூனைக்கும் விட்டு அதை இழந்தவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள்.

ஏன் இப்படி? நச்சுப்பொருளோடு ஒரு வகைச் சர்க்கரை அமிலத்தைச் சேர்த்து, நீரில் கரைய வைத்து, சிறுநீரில் வெளியேற்றுவது கல்லீரலின் வேலைகளில் ஒன்று. இதைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்றின் மரபணு பூனையிடம் பழுதுபட்டுக் கிடக்கிறது என்று 2000ல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2011ல் வந்த ஆய்வு, சிங்கம் முதலான மற்ற பூனையினங்களிடமும் அதே பழுது இருப்பதைக் காட்டியது. மனிதருக்குச் சாதாரண மாத்திரையான பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடுவதும் இதே குறையால்தான்.

மனிதருக்கான பொடுகு ஷாம்பூக்களில் பலவற்றில் சாலிசிலிக் அமிலம், நிலக்கரித் தார், செலினியம் சல்ஃபைடு போன்றவை இருக்கும். போதாக்குறைக்குப் பூனை தன் ரோமத்தில் பட்டதை எல்லாம் நக்கி விழுங்கும். தேய்த்தது தோலுக்கு மட்டும் என்று நினைப்பது நாம், பூனைக்கு அது வயிற்றுக்கும் சேர்த்துத்தான். 'இயற்கையானது' என்று நம்பித் தேய்க்கும் டீ ட்ரீ எண்ணெயும் இதே பட்டியலில் சேரும்.

எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. பூனையின் மூதாதையர் பல லட்சம் ஆண்டுகள் இரையை மட்டுமே தின்றவர்கள். அராகிடோனிக் அமிலமும் டாரினும் இரையின் உடம்பிலேயே தயாராகக் கிடைத்தன, அவற்றைத் தானே போதிய அளவு செய்துகொள்ளும் திறன் தேவைப்படவில்லை. தாவரங்களைத் தின்னாததால், தாவர நச்சுகளை வெளியேற்றும் நொதியும் தேவைப்படாமல் பழுதடைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பூனை நாயின் சிறிய பதிப்பு அல்ல என்று கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி சொல்வதன் பொருள் இதுதான்.

வீட்டுக்குள் வந்த பூனை

1947ல் அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர், பூனை மலம் கழிக்கும் தட்டில் போட உலர்ந்த களிமண் துகளை விற்கத் தொடங்கினார். சிறிய விஷயம்தான். ஆனால் அதன்பிறகு பூனை வெளியே போகாமலேயே வாழ முடிந்தது. வண்டியில் அடிபடுவது குறைந்தது, ஆயுள் கூடியது. கூடவே ஓட்டம் குறைந்தது, எடை ஏறியது.

இதற்கும் பொடுகுக்கும் என்ன சம்பந்தம்? பூனையின் நாக்கில் இருக்கிறது பதில். நாக்கு முழுக்கச் சிறு முட்கள். 2018ல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ இருவரும் அந்த முட்களின் நுனி அகப்பை போலக் குழிந்திருப்பதையும், அது எச்சிலை எடுத்துப்போய் ரோமத்தின் அடிவரை சேர்ப்பதையும் காட்டினார்கள். சீப்பும் அதுவே, தண்ணீர்க் குழாயும் அதுவே. உதிரும் செதில்களை அன்றன்றே துடைத்து எடுத்துவிடுகிறது.

குண்டான பூனையால் இடுப்பை வளைத்து முதுகின் கடைசிப் பகுதியை நக்க முடியாது. மூட்டுவலி வந்த கிழட்டுப் பூனையாலும் முடியாது. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்த 2002ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று, அவற்றில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்ததாகச் சொன்னது. வால் தொடங்கும் இடத்துக்கு மேலே மட்டும் பொடுகு சேர்ந்தால், தோலைவிட இடுப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது. அது நக்காமல் விட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

செய்ய வேண்டியவை

இவ்வளவு வரலாற்றிலிருந்தும் பூனை வளர்ப்பவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில:

1. கறுப்புத் துணி அல்லது கறுப்புத் தாளின் மேல் பூனையை நிறுத்தி, நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரிப் பார்க்கவும். விழுந்த செதில்கள் நகர்ந்தால் சிற்றுண்ணி. நகராவிட்டாலும் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. ஒட்டும் டேப்பில் செதிலை எடுத்து மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பார். இதற்கு இன்று பூனைக்கென்றே பாதுகாப்பான மருந்துகள் உள்ளன. 1999ல் சந்தைக்கு வந்த செலமெக்டின் அவற்றில் ஒன்று. வீட்டில் இருக்கும் மற்ற பிராணிகளுக்கும் சேர்த்தே வைத்தியம் செய்ய வேண்டும்.

2. முதுகின் கடைசியில் மட்டும் பொடுகு என்றால் எடையையும் மூட்டையும் கவனிக்கவும். தினமும் மென்மையாக வாரிவிடுவது, அதனால் முடியாத வேலையை நாம் செய்து கொடுப்பதுதான்.

3. உடம்பு முழுக்கப் பொடுகு, கூடவே இளைப்பு, அதிகத் தாகம், சோர்வு இருந்தால் சர்க்கரை நோய், தைராய்டு போன்றவையாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

4. பாலும் சோறும் மட்டும் பூனைக்கு உணவாகாது. நாய் உணவும் ஆகாது. மீன், இறைச்சி, அல்லது பூனைக்கென்றே தயாரித்த முழுமையான உணவு வேண்டும்.

5. மனிதருக்கான ஷாம்பூ, நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்து, வாசனை எண்ணெய்கள் எதுவும் வேண்டாம். ஆரோக்கியமான பூனையை அடிக்கடி குளிப்பாட்டத் தேவையில்லை, அடிக்கடி குளித்தால் தோல் இன்னும் வறளும்.

முடிவாக...

மெனியாங் முயலைப் பார்த்தார். பர் தம்பதியர் எலியைப் பார்த்தார்கள். பூனையை நேராகப் பார்க்க 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை பூனைகள் தவறான மருந்திலும் தவறான உணவிலும் போயினவோ, கணக்கு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

இன்று அந்த விவரமெல்லாம் கையில் இருக்கிறது. அடுத்த முறை மடியில் படுத்திருக்கும் பூனையின் முதுகில் ரவை தூவியது போலத் தெரிந்தால், ஷாம்பூ பாட்டிலைத் தேடுவதற்கு முன்னால் ஒரு கறுப்புத் துணியைத் தேடுவது நல்லது.